பால் விடாத தேநீர்

புருல்கான் போன பிப்ரவரியில் இறந்தாள். இதயம் நின்றது. மலையூரான அத்-பஷியில் சிலர் வேறு மாதிரி சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் விழுங்கிய மாத்திரைகள் உள்ளே தங்கி அரித்துவிட்டனவாம். மாத்திரைகள் அப்படித் தங்குவதில்லை. அவற்றை விழுங்கி முடித்த பிறகு இருபது கோடைக்கு மேல் அவள் குதிரை ஏறினாள். சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

கூட்டுப்பண்ணை உடைந்து, ஆடுகளை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்ட சமயம். புருல்கான் கணவனை இழந்தவள்; மந்தையை அவளே மேய்த்தாள். அந்த வசந்தத்தில் ஆடுகள் மாதம் நிறையாமல் குட்டி வீசின. செத்த குட்டிகளை வெறுங்கையால் இழுத்துப் போட்டாள். கொஞ்ச நாளில் மாலையானால் காய்ச்சல். வேர்வையில் மெத்தை நனைந்தது. இடுப்பில் ஆணி அடித்தது போல வலி. ஊர்க் கம்பவுண்டர் பென்சிலின் போட்டார். காய்ச்சல் அசையவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து, ஆட்டுக்கு வந்த வீச்சு நோய்தான் அவளுக்கும் என்றார்கள். டெட்ராசைக்ளினும் ரிஃபாம்பிசினும் கொடுத்தார்கள். ஒரு வேளை விடாமல் விழுங்கினாள். வலி திரும்பி வந்தது.

டாக்டர் சத்திபல்தி சின்ன வயசுக்காரர்; அவளை அக்கா என்னும் பொருளில் 'எஜே' என்பார். ரத்த முடிவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மாத்திரை கேக்கல, எஜே. இனி ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிதான்."

"போடுங்க. அதுக்கு ஏன் எழவு வீட்டு மூஞ்சி?"

"சில பேருக்கு அது உள்காதக் கெடுக்கும். காது மந்தமாகலாம். அத விட மோசம், உடம்போட நிதானம் போயிடும். இருட்டுல நடக்க முடியாது. போனா பெரும்பாலும் திரும்பி வராது."

"குதிரை?"

"மேய்ச்சலுக்கு வேற யாராவது போகட்டும். நீங்க வீட்ல இருங்க."

"சேணத்துல உக்கார முடியாத பொம்பளைய என்ன செய்வீங்க தம்பி? கம்பளத்துல சுருட்டி மூலையில சாத்தி வைப்பீங்களா?"

"நோய் முதுகெலும்புல எறங்கினா அப்பவும் உக்கார முடியாது, எஜே."

புருல்கான் யோசிக்க ஒரு வாரம் கேட்டு வாங்கிக்கொண்டு, குதிரையிலேயே வீடு திரும்பினாள்.

மகள் ஜிபார் நரின் நகரத்து மருந்துக் கடையில் வேலை பார்த்தாள்; வேதியியல் படித்தவள். சேதி கேட்டு வந்தாள். வந்த மறுநாள் காலையிலேயே பார்த்துவிட்டாள். எழுந்ததும் அம்மா, மிச்சமிருந்த மஞ்சள் மாத்திரையை வாயில் போட்டு, ஒரு கிண்ணம் பால் தேநீரை எடுத்தாள்.

"அபா, நில்லு. எப்பவும் இதுலதான் முழுங்கினியா?"

"பின்ன? காலையில டீ, மத்தியானம் அய்ரான் மோர். தெம்பு வரட்டும்னு உன் பெரியம்மா குதிரைப்பால் குமிஸ் வேற அனுப்பினா."

"வெறும் வயித்துலன்னு டாக்டர் சொல்லலியா?"

"வெறும் வயிறுதான். டீயெல்லாம் சாப்பாட்டுக் கணக்கா?"

ஜிபாருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அம்மாவின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கித் தள்ளி வைத்தாள். டாக்டர் சொன்னது சரி. அம்மா செய்ததும் அந்த ஊர் வழக்கப்படி சரி. இங்கே பால் தேநீரை யாரும் உணவு என்று நினைப்பதில்லை.

"மாத்திரை தோக்கல, அபா. பால்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து அதக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. பாதிக்கு மேல ரத்தத்துக்கே வந்திருக்காது."

"அப்ப பென்சிலின்? அத ஊசியாத்தானே போட்டான்?"

"அது கிருமியோட மதில இடிக்கிற மருந்து. இந்தக் கிருமி நம்ம அணுவுக்குள்ளயே பூந்து படுத்துக்கும். பென்சிலின் அங்க போய்ச் சேராது."

"ஓநாய் பட்டிக்குள்ள. நாய் வெளிய நின்னு குலைக்குது."

"அதேதான். டெட்ராசைக்ளின் உள்ள போகும். கிருமி புரதம் சமைக்கிற அடுப்ப அணைச்சிடும். ரிஃபாம்பிசின் சமையல் குறிப்ப நகல் எடுக்க விடாது. டாக்டர் சொன்ன அந்த ஊசியும் அடுப்பத்தான் கெடுக்கும், தப்பும் தவறுமா சமைக்க வைக்கும். ஆனா நம்ம காதுலயும் கை வைக்கும்."

"இது ரெண்டு மட்டும் யோக்கியமா?"

"இல்ல. டெட்ராசைக்ளின் வயித்தப் பிரட்டும், வெயில் பட்டா தோல் எரியும். ரிஃபாம்பிசின் ஈரலப் பதம் பாக்கும், அப்பப்போ சோதனைக்கு ரத்தம் கொடுக்கணும். வேர்வை, ஒண்ணுக்கு, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு நிறமாகும்."

"கண்ணீரா? அது என்கிட்ட இல்ல."

இருவரும் சத்திபல்தியிடம் போனார்கள். இன்னொரு முறை முழுசாக மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் மறுபேச்சில்லாமல் ஊசி என்று முடிவானது. ஒரு நாளைக்கு நாலு வேளை மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சில மணி நேரம் பால் ஆகாது. பாலுக்கு மிஞ்சியது தூங்குகிற நேரம்தான்.

அந்த வருடமும் மந்தையோடு மலை ஏறினாள். வெயிலுக்காகக் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கொள்ளைக்காரி வருகிறாள் என்று கேலி செய்தார்கள்.

மேலே போனதும் ஆண்டின் முதல் குமிஸ். புளிக்க வைத்த குதிரைப் பாலை அண்டை அயலைக் கூப்பிட்டுப் பகிர்வார்கள். மூத்தவர்கள் குடித்து வாழ்த்த வேண்டும். கணவனின் அண்ணன் எசென்குலின் கூடாரத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அவரே கிண்ணத்தை நீட்டினார்.

"வாங்கிக்கம்மா."

"இந்த வருஷம் வேணாம், கைனாகா." கணவனின் அண்ணன் பெயரைச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

 நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"முதல் குமிஸத் தட்டினா பால் வத்திப் போகும்."

"உங்க குதிரை என் வாயப் பாத்தா பால் சுரக்குது?"

பின்னால் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"மக படிச்சிட்டா, நம்ம பாலு விஷமாயிடுச்சு," என்றார் எசென்குல்.

"விஷமில்ல. என் மருந்தத் திருடுது. வாழ்த்து வாய்க்குள்ளதான் இருக்கு, குடிக்காமலே சொல்றேன். உங்க குதிரைங்க பெருகட்டும். எனக்குப் பால் விடாத டீ கொடுங்க."

அவர் கிண்ணத்தைத் தானே குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவிதான் கறுப்புத் தேநீர் கொண்டுவந்தாள். அதை நீட்டும்போது அவள் "ஐயோ ரத்தம்!" என்று அலறினாள். புருல்கானின் முகத்துணியில், கண்ணுக்குக் கீழே, ஆரஞ்சுக் கறை பரவியிருந்தது.

"மருந்து நிறம்," என்றாள் புருல்கான். "அடுப்புப் புகை."

அடுப்பு அன்று வெளியில் எரிந்தது. 

ஒவ்வொரு கூடாரத்திலும் அவளுக்குக் கிண்ணம் நீட்டினார்கள். ஒவ்வொன்றிலும் மறுத்தாள். திமிர் பிடித்தவள் என்றார்கள். வயிறு பிரட்டியது, வெறும் தேநீரும் ரொட்டியுமாக மெலிந்தாள். வேர்வை நின்றது. பிறகு, சேணத்தில் ஏறும்போது இடுப்பைப் பிடிப்பதும் நின்றது.

கோடைக் கடைசியில் மாத்திரை முடிந்ததும் ரத்தம் பார்த்தார்கள். சத்திபல்தி தாளை இரண்டு முறை படித்தார். ஊசிப் பேச்சை எடுக்கவில்லை. "அடுத்த வருஷமும் வந்து பாத்துக்கணும், எஜே," என்று மட்டும் சொன்னார்.

அவள் நேராக எசென்குலின் கூடாரத்துக்குப் போனாள். வாசலில் குதிரையை நிறுத்தி, இறங்காமலே கையை நீட்டினாள்.

"இப்ப ஊத்துங்க, கைனாகா. நிறைய."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார். மேலிருந்தபடியே குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாள்.

இறந்த அன்று காலையிலும் அவள் மந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி உள்ளே கிடத்தியபோது, சேணம் பூட்டிய குதிரை வாசலில் நின்றது.