மூன்றாவது கையெழுத்து

பெருமாநல்லூரில் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. நிழல் தேடிச் சாலையோரத் தகரக் கொட்டகைக்குள் போகிறேன். ஆறு பெண்கள் பனியன் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொட்டகையின் சொந்தக்காரர் சரஸ்வதி ஒரு ஸ்டூலை நகர்த்திப் போடுகிறார். எதிரே பெரிய கட்டடம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. என்ன அது என்று கேட்கிறேன்.

"மகளிர் தையல் கூட்டுறவுங்க. கவர்மெண்ட் கட்டுனது. நானும் அங்கதானுங்க இருந்தேன்."

"ஏன் விட்டுட்டீங்க?"

"மெஷின்ல ஊசி ஒடஞ்சு போச்சுங்க. புது ஊசிக்கு மூணு பேர் கையெழுத்து வேணும்னாங்க. மூணாவது ஆளு மாறுதலாகிப் போயிட்டாருங்க. ஒரு மாசம் பாத்துட்டு, நானே கடையில வாங்கி மாட்டுனேன். விதிமீறல்னு நோட்டீஸ் குடுத்துட்டாங்க."

பின்னே? மக்கள் சொத்தில் தனியார் ஊசி நுழைந்தால் அரசு பார்த்துக்கொண்டா இருக்கும்? அன்றே வெளியேறி, வளையலை விற்றுப் பழைய மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார் சரஸ்வதி. வேலை வந்தது, கூட்டுறவிலிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். பாவம், இவர்களை முன்னேற்ற எந்தத் திட்டமும் இல்லை.

ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்குகிறார். நாளை கூட்டுறவுக்கு மறு திறப்பு விழாவாம்; மேடைத் துணி கிழிந்துவிட்டதாம். சரஸ்வதி இரண்டே நிமிடத்தில் தைத்து நீட்டுகிறார்.

"நீங்களும் திரும்ப வந்துருங்கம்மா. மெஷின், கரண்ட் எல்லாம் இலவசம்."

"சரிங்க சார். வேலை இருக்குதுங்களா?"

"அதுக்கு மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்மா."