பீம்ராவ் முதுகு காட்டிய பத்து நிமிஷம்

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே அந்தக் கடலோரப் பூங்கா திறந்த வருஷம் பீம்ராவ் அங்கே காவலாளி ஆனார். அதற்கு முன் பதினெட்டு வருஷம் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். முதுகெலும்பு நகர்ந்துவிட்டது, இனி சுமை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு இந்த வேலை கிடைத்தது. புளியந்தோப்பு குடியிருப்பிலிருந்து விடிகாலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருவார். அவருக்கு அந்த இடம் பிடித்திருந்தது. ஆமை முட்டையிடும் மணலைச் சுற்றி வலை கட்டியிருந்தார்கள். ராவணன் மீசைப் புல்லும் அடும்புக்கொடியும் மணலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளோடு குடும்பங்கள் வரும். கடலுக்குள் நீண்டு கிடக்கும், தூண்டில் வளைவு எனப்படும் கருங்கல் வரிசையைப் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய முக்கியமான வேலை. சிவப்புக் கோட்டைத் தாண்டி யாராவது அதன்மேல் போனால் விசில் ஊத வேண்டும். அவர்கள் திரும்பி இறங்கும்வரை அங்கிருந்து நகரக்கூடாது.

அந்த ஞாயிறு மாலை நாலு மணிக்கு மூன்று கல்லூரிப் பையன்கள் கோட்டைத் தாண்டினார்கள். பீம்ராவ் விசில் ஊதினார்.

"தம்பி, அந்தாண்ட போவாதீங்க. பாசி கீது, வழுக்கிவுட்டுடும். அலை வேற ஒரு மாரியா கீது இன்னைக்கு."

ஒருவன் ஏற்கெனவே செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். சிவப்புச் சட்டை போட்டவன் அவரைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்று, "பாசி கீது, நைனா! வழுக்கிகினு பூடுவ!" என்று இழுத்து இழுத்துச் சொன்னான். மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணே, இன்னொரு தபா சொல்லுண்ணே, சரியா ரெக்கார்டு ஆவல" என்றான் போன் வைத்திருந்தவன்.

பீம்ராவின் மூத்த மகளுக்கு அந்தப் பையனின் வயசு. அவருக்குக் காது மடல் சுட்டது. "எப்டியோ போங்கடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பூங்காவின் மறுகோடியில் புன்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டார். அது அவருடைய வேலை அல்ல. ஐந்தாவது கன்றுக்கு விட்டுக்கொண்டிருக்கும்போது அலறல் கேட்டது.

ஓடினார். கயிற்றைக் கட்டிக்கொண்டு கற்களுக்கு நடுவே இறங்கினார். வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள் நாலு பேர் கூட வந்தார்கள். சிவப்புச் சட்டைக்காரனை மேலே கொண்டுவரும்போது அவன் தலை தொங்கிவிட்டது, மூச்சு இல்லை. ஜெனிஷ் என்று பேர், பத்தொன்பது வயசு என்று போலீஸ்காரர் எழுதும்போதுதான் பீம்ராவுக்குத் தெரிந்தது.

செல்போனில் எடுத்த காட்சி இரண்டே நாளில் ஊரெல்லாம் சுற்றியது. காவலாளி எச்சரிப்பதும் பையன் கேலி செய்வதும் தெளிவாக இருந்தன. அவர் திரும்பி நடந்தது அதில் இல்லை. அதற்குள் போனை அணைத்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் பீம்ராவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "நீ சொன்னே, அவன் கேக்கல, அவ்ளோதான்" என்றார்கள். ஒவ்வொரு முறையும் அவர் கையை உருவிக்கொண்டார். கடைசியில் சூப்பர்வைசர் வரதனிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"உன்னை யாராவது கேட்டாங்களா? வாயை மூடிக்கினு வேலையப் பாரு" என்றார் வரதன்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாருமில்லாத பூங்காவுக்கு ஒரு பெண்மணி வந்தார். டோல்கேட்டில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். பெயர் ஞானசெல்வி. ஜெனிஷின் தாய்.

"எம்பிள்ள உங்க பேச்சக் கேலி பண்ணத பார்த்தேன். நான் அவன அப்படி வளக்கல. அவனுக்காக மன்னிப்பு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்று கைகூப்பினார்.

பீம்ராவ் இரண்டு எட்டு பின்வாங்கினார். "அம்மா, கைய எறக்குங்கம்மா. நான்தான் உங்களாண்ட கேக்கணும்" என்றார். ரோஷத்தில் திரும்பிப் போனதையும், தண்ணீர் ஊற்றியதையும், நின்றிருந்தால் அவனை இழுத்துக்கொண்டாவது வந்திருப்பார் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னார்.

ஞானசெல்வி கருங்கல் வரிசையின் பக்கம் திரும்பினார். பிறகு சம்பந்தமில்லாமல், "இவ்வளவு கல்ல எதுக்கு இங்க கொண்டாந்து கொட்டுனாங்க?" என்று கேட்டார்.

"இங்க தெருவுங்க இருந்துச்சாம்மா. வூடு, கோயிலு, எல்லாத்தையும் கடல் எடுத்துகினு பூட்சாம். மிச்சத்த காப்பாத்தத்தான் கல்ல போட்டாங்க."

"எத்தன நிமிஷம் அந்தப் பக்கம் இருந்தீங்க?"

"பத்து இருக்கும்மா."

ஞானசெல்வி அழவில்லை. "இத எங்க வீட்டுக்காரர்ட்ட வந்து சொல்லுவீங்களா? அவர் இன்னும் பிள்ளையத் திட்டிட்டே இருக்கார். சொன்ன பேச்சு கேக்காத பயலுன்னு. கடைக்கு வாரவங்க எல்லாம் அதையே சொல்லுதாங்க. அவன் போட்டோவ ஹால்ல மாட்டக்கூட விடல" என்றார்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பீம்ராவ் டோல்கேட்டில் இறங்கினார். கடையில் ஆள்கள் இருந்தார்கள். ஜெனிஷின் அப்பா சுப்புராஜ் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வீடியோவில் பார்த்த முகம் என்று தெரிந்து எழுந்து நின்று வரவேற்றார், டீ சொல்லப் போனார். பீம்ராவ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுப்புராஜ் கடைசிவரை கேட்டார். கல்லாவைச் சுற்றி வந்து பீம்ராவின் கன்னத்தில் அறைந்தார். இரண்டாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. பருப்பு மூட்டைமேல் சரிந்து உட்கார்ந்து, மகன் பேரைச் சொல்லிக் கத்தி அழுதார். ஞானசெல்வி உள்ளேயிருந்து ஓடி வந்தார். பீம்ராவ் அங்கே நிற்பதா போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அந்த வாரமே சுப்புராஜ் புகார் கொடுத்தார். வழக்கு பதிவானது, வேலை போனது. போலீஸ் ஸ்டேஷனிலும் பீம்ராவ் அதையேதான் சொன்னார்.

மனைவி மதி பத்து நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் சாதம் போடும்போது வெடித்தாள்.

"ரெண்டு பொண்ணு கீது வூட்ல. யாரும் கேக்காதத இன்னாத்துக்குய்யா நீயே போய் சொன்னே?"

"அந்தம்மா எங்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சு மதி. அத எப்டி வாங்கிக்கிறது?"

மதி குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

இப்போது பீம்ராவ் மீஞ்சூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் காவலுக்கு இருக்கிறார். வாய்தா அன்று மட்டும் லீவு. கோர்ட்டு வராந்தாவின் ஒரு கோடியில் அவர் நிற்பார், மறுகோடியில் சுப்புராஜும் ஞானசெல்வியும் நிற்பார்கள். போன மாதம் கோர்ட்டுச் சத்தத்தில் சுப்புராஜுக்கு அடுத்த வாய்தாத் தேதி சரியாகக் கேட்கவில்லை. வெளியே வந்தவர் சற்றுத் தயங்கி, பீம்ராவ் அருகில் வந்தார்.

"எந்தத் தேதி போட்டிருக்காங்க?"

"பதினாலு சார். காலைல பத்தரைக்கு."

சுப்புராஜ் தலையசைத்தார். மனைவியைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். அவர்கள் தெருவைத் தாண்டி பஸ் ஏறும்வரை பீம்ராவ் மேலேயே நின்றிருந்தார்.