முதல் குடம்

தாராவியில் அந்தச் சந்துக்குக் குழாய் வந்ததும் சபுராவால், சாக்கடைக்கு மூடி வந்ததும் சபுராவால். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் இதோ அதோ என்று இழுத்தடித்துப் போன பிறகு, வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தவள் அவள். ஆண்கள் குழி தோண்டினார்கள், பெண்கள் கல் சுமந்தார்கள். அந்தச் சந்தில் வேறு இடம் ஏது? சாக்கடையை ஒட்டியே குழாயைப் பதித்து, இரண்டையும் சேர்த்துக் கடப்பைக் கல்லால் மூடினார்கள். நாற்றம் ஒழிந்ததே என்று எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. அது எண்பத்து மூன்றாம் வருஷம்.

குழாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியையும் அவளிடமே கொடுத்தார்கள். விடியற்காலையில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்தில் அடிதடி நடக்காமல் இருந்தது அவள் வாய்க்குப் பயந்துதான். ஒரு சட்டமும் போட்டிருந்தாள்: பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்கே முதல் குடம். அதற்கு யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

பாண்டுப்பில் கட்டிக்கொடுத்த மகள் ரஷீதா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். முதல் குடத்தை மகளுக்கென்று தனிப் பானையில் ஊற்றி, துணி கட்டி வைத்தாள் சபுரா. ஏழாம் மாதத்தில் ரஷீதாவின் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினாள். தண்ணீர் நின்றிருக்கும்போது குழாயின் ஓட்டை வழியே சாக்கடை உள்ளே இறங்கும். திறந்ததும் முதலில் வருவது அதுதான். பிள்ளைத்தாச்சிக்கு அந்தக் காமாலை வந்தால் பிழைப்பது கஷ்டம். போன மழையில் இதே மாதிரி வயிற்றுப் பிள்ளையோடு செத்த, அதே சந்துச் சங்கரன் பெண்டாட்டிக்கும் சபுராதானே முதல் குடம் நிரப்பிக் கொடுத்தாள்.

குழாயை மாற்ற வேண்டும் என்று மறுபடி வீடு வீடாக ஏறினாள். மாற்ற இடம் எங்கே இருக்கிறது? முதல் தண்ணீரைக் கீழே ஊற்றச் சொன்னாள். மழை இருந்தவரை ஊற்றினார்கள். பிறகு கோடை வந்தது.

அன்று ஒரு குடம் நிறைந்ததும் குழாய் நூலாக ஒழுகி நின்றுவிட்டது. சபுரா அதைக் கவிழ்க்கப் போனபோது எதிர்வீட்டு முருகம்மாள் குடத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஆறு மாதம்.

“இது வேண்டாம், பிள்ள. எம் மக இதக் குடிச்சித்தான் மவுத்தாப் போனா.”

“தெரியும்க்கா. சீமெண்ணெ கெடச்சா காய்ச்சுதேன். கெடைக்கலன்னா அப்படியேதான். அடுத்த கொடம் வரும்னு சொல்லுங்க, இப்பவே நானே கீழ ஊத்திருதேன்.”

சபுரா குழாயைத் திருகிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. குடத்தைத் தூக்கி முருகம்மாளின் இடுப்பில் வைத்தாள்.