பல்லுக்கொதி லீவு

ஜனவரியில் லீவு கேட்கும் கணக்குக்காரனும், தாலி கட்டும் நேரத்தில் "கொஞ்சம் வெளியிலை போட்டு வாறன்" என்கிற மாப்பிள்ளையும் ஒன்றுதான். நான் கேட்டேன். காரணம், பல்லுக்கொதி. பல்லில் ஒரு கொதியும் வலியும் இருக்கவில்லை.

தெற்கு லண்டன் நோர்பரியில் சேலைக்கடை ஒன்றின் மேல்மாடியில்தான் எங்கள் அலுவலகம். எங்கள் என்றால் முதலாளியும் நானும். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவது. பெற்றோல் ஷெட்காரரும் பலசரக்குக்காரரும் வருடம் முழுக்கச் சேர்த்த ரசீதுகளைக் கடைப்பையில் அள்ளிக்கொண்டு, வரிக்கணக்கு கொடுக்கக் கடைசி மாதமான ஜனவரியில் படியேறுவார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கொம்பனி என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. செவ்வாய்க்கிழமை பின்னேரம், வீடியோவில். நல்ல சம்பளம், நல்ல பென்ஷன். தலையில் மிச்சமிருந்த கறுப்பு முடியைக் கண்ணாடியில் பார்த்தேன். இதை விட்டால் இனி ஒருவரும் கூப்பிடப் போவதில்லை என்று அது சொன்னது.

ஒத்திகை சமையலறையில் நடந்தது. இணையத்தில் பிடித்த கேள்விகளை ஃபோனில் வைத்துக்கொண்டு, வெங்காயம் வெட்டியபடி மனைவி கேட்டாள்.

"வேலையிலை வந்த ஒரு பெரிய சிக்கலைச் சொல்லுங்கோ."

"ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் வாட் வரியை இரண்டு தரம் கட்டிப்போட்டார். நான் அதைக் கண்டுபிடிச்சு..."

"இஞ்சாருங்கோ, அது அண்ணை கண்டுபிடிச்சதெல்லோ? அண்டைக்கு வந்து கதை கதையாச் சொன்னனீங்கள்."

"ஒரே ஒஃபிஸ்தானே."

"சரி, அடுத்தது. கோவப்பட்ட கிளையண்டை எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?"

"ஒருத்தர் வந்து மேசையிலை அடிச்சுச் சத்தம் போட்டார். நான் அவருக்குத் தேத்தண்ணி குடுத்து, பக்கத்திலை இருத்தி..."

"அதுவும் அண்ணை."

"தேத்தண்ணி போட்டது நான்."

"அப்ப அண்ணையை இன்டர்வியூவுக்கு அனுப்புவம். நீங்கள் தேத்தண்ணியோடை போங்கோ."

சிரித்தேன். ஆனால் அன்றிரவு என் பதில்களை வரிசையாக நினைத்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் அண்ணையே நின்றார். அவரை அழித்துவிட்டு அந்த இடத்தில் "நான்" என்று போட்டிருந்தேன். விலகப் போகிற வேலையிலிருந்து பேனை, ஸ்டேப்ளர் தூக்குகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் முதலாளியையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தேன்.

திங்கட்கிழமை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுநாளைக்கு லீவு கேட்டேன்.

"எந்தப் பல்லு?" என்றார் அண்ணை.

எத்தனையோ கேள்விக்கு ஆயத்தமாகியிருந்தேன். இதற்கு இல்லை. வலப்பக்கம் காட்டினேன். மத்தியானம் மறந்துபோய் இடப்பக்கத்தைப் பிடித்தேன்.

"பரவியிட்டுது போலை," என்று மனுசன் பதறிப்போனார். "என்ரை சிநேகிதன்ரை மகள் கிங்ஸ்பரியிலை பல் டொக்டர். நாளைக்குக் காலமை உம்மைப் பாக்கச் சொல்லிப்போட்டன். நானே கொண்டுபோறன்."

"வேண்டாம் அண்ணை. தானா மாறியிடும்."

"பல்லு தானா மாறினதை எங்கை கண்டனீர்? சும்மா இரும்."

தெற்கு லண்டனிலிருந்து கிங்ஸ்பரி கிட்ட இல்லை. ஜனவரிக் காலையில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, குளிர் பல்லில் படக்கூடாது என்று தன் மஃப்ளரை எனக்குச் சுற்றி, நெரிசலுக்குள் என்னை ஏற்றிக்கொண்டு போனார். நான் மஃப்ளருக்குள் ஒளிந்திருந்தேன். டொக்டர் வாயைப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லையே" என்று சொல்லப் போகிறா. திரும்பி வருகிற வழி முழுக்க என்ன கதைப்பது என்பதே என் கவலை.

அந்தப் பிள்ளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதோடை எப்பிடி இவ்வளவு நாளும் இருந்தனீங்கள்?" என்றது. பின்கடைவாய்ப்பல் அடியோடு அழுகிப்போயிருந்ததாம். என் பொய்யொன்று எக்ஸ்ரேயில் தெரிந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட முந்தி ஊசி போட்டுப் பிடுங்கியும் விட்டா. என்னிடம் காசு வாங்க விடாமல் அண்ணையே கட்டினார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டவர் போகவில்லை. "இரத்தம் நிண்டிட்டுதோ எண்டு பாத்திட்டுப் போறன். நீர் மேலை போய்ப் படும்," என்று முன்னறைக் கதிரையில் இருந்துவிட்டார். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் விறைத்துக் கிடந்த பல் குழியும் கூசியது.

மேலே போய்க் கதவைச் சாத்தி, படுக்கவென்று இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேல் சேர்ட்டும் டையும் போட்டுக்கொண்டு கணினியைத் திறந்தேன். பாதி வாய் விறைத்திருந்தது. சத்தம் போட்டால் கீழே கேட்கும். ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் தள்ளித் தள்ளி, மெதுவாக விட்டேன். திரையில் இருந்த பெண்மணி, வேலையில் வந்த சிக்கல் ஒன்றைச் சொல்லச் சொன்னார். வாட் கதைக்கு வாயைத் திறந்தேன். அப்போது கீழேயிருந்து, மனைவியோடு கதைக்கும் அண்ணையின் குரல் வந்தது.

"பிள்ளை, நாளைக்கும் அவரை வேலைக்கு விடாதை. அவரின்ரை ஃபைலெல்லாத்தையும் நான் இண்டைக்கு இருந்து பாக்கிறன். பாவம், ஒரு நாளும் லீவு கேளாத மனுசன்."

"நான்" என்று தொடங்க வாய் வரவில்லை. விறைப்பு என்று ஊசியின் மேல் பழியைப் போடலாம். "என் மேலாளர் கண்டுபிடித்தார்," என்றேன். "நான் பக்கத்தில் நின்றேன்."

அடுத்த கதையிலும் அவரே வந்தார். தேத்தண்ணியை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன்.

"இவ்வளவு நல்லவரை விட்டு ஏன் விலகுகிறீர்கள்?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். பாடமாக்கிய பதில் ஒன்று இருந்தது. அது வரவில்லை. "எனக்கு வயது போகிறது. அங்கே எனக்கு மேலே அவர் மட்டும்தான், நான் ஏற இடமில்லை," என்றேன்.

வெள்ளிக்கிழமை வேலை கிடைத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. நான் அவசரமில்லாமல் அளந்து பேசிய நிதானம் பிடித்ததாம். அந்த நிதானம் கிங்ஸ்பரியில் அண்ணை வாங்கித் தந்தது.

அண்ணை நீட்டித் தந்த லீவு முடிந்து திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனால், என் மேசையில் ஃபிளாஸ்க் நிறையச் சூப்.

"அண்ணை, ஒண்டு சொல்லோணும்."

"பொறும். முதல்லை வாயைத் திறவும், பாப்பம்."

திறந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "வடிவாக் காய்ஞ்சிட்டுது," என்றார்.

"அண்ணை, எனக்குப் பல்லுக்கொதி இருக்கேல்லை."

"இல்லாமலோ டொக்டர் பிடுங்கினவ?"

"எனக்கு இன்டர்வியூ இருந்தது. நீங்கள் கீழை இருக்கேக்கை நான் மேலை இருந்து குடுத்தனான். வேலை கிடைச்சிட்டுது."

அண்ணை கண்ணாடியை இறக்கினார். ஃபிளாஸ்க் மூடியைக் கழற்றினார், திரும்பப் பூட்டினார், திரும்பக் கழற்றினார்.

"ஜனவரி முடியத்தானே போவீர்?"

"நீங்கள் சொல்லுற வரைக்கும் நிக்கிறன் அண்ணை."

"அங்கை பல்லுக்கு இன்சூரன்ஸ் குடுப்பினமோ?"

"ஓம் அண்ணை."

"ம். என்னாலை அது தர ஏலாமல் போச்சு," என்றார். பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. "சூப்பை ஆற முந்திக் குடியும்" என்று ஊற்றித் தந்துவிட்டு, என் பக்கம் இருந்த ரசீதுக் கடைப்பை ஒன்றைத் தூக்கிப்போய்த் தன் மேசையில் கவிழ்த்தார்.

குடித்தேன். சூடு பல் இருந்த குழியில் பட்டு உண்மையாகவே நொந்தது. கன்னத்தைப் பிடிக்க வெட்கமாக இருந்தது.