ஜுரேமா திறந்துவைத்த வெற்றுத் தட்டு

இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு இலைவெட்டி எறும்புப் புற்றுகளைத் தோண்டித் தருபவர் ஜுரேமா. அன்று அவர் முன் நீட்டப்பட்டது, கெட்டுப்போன மாதிரிகளைக் கொட்டச் சம்மதிக்கும் அழிப்புப் படிவம். அவர் மாதிரி எடுத்த ஒன்பது நுண்ணுயிர் வளர்ப்புத் தட்டுகளிலும் இளஞ்சிவப்பு ஈஸ்ட் புள்ளிகள் முளைத்திருந்தன.

"எறும்பு வளர்க்கிற பூஞ்சைத் தோட்டத்துல இது ஏது, டோனா ஜுரேமா? வீட்டுல ரொட்டி பிசையற கை. போன வாரம் ராணி எறும்பை மரவள்ளி மாவுல வறுத்துத் தின்ன கையும் அதுதான்" என்றார் ஆய்வகத்தின் புதிய தலைவர் எவரிஸ்டோ.

"அதை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னது நீங்கதானே, டாக்டர்?"

ஓட்டுநர் ஒஸ்மார் சிரிப்பை அடக்க இருமினார்.

எவரிஸ்டோ சிரிக்கவில்லை. "கையெழுத்துப் போடுங்க. தட்டுகளைக் கொட்டிடலாம். திங்கட்கிழமையிலிருந்து நீங்க பாத்திரம் கழுவுற அறைக்குப் போயிடுங்க."

"ஒவ்வொரு புற்றுக்கும் பக்கத்துல ஒரு வெற்றுத் தட்டைத் திறந்துவெச்சேன். வெளியிலேருந்து வந்ததுன்னா அதுலயும் முளைச்சிருக்கணும். ஒண்ணுலயும் எதுவும் முளைக்கல. பார்த்தீங்களா?"

"அதுல காத்துதான் பட்டது. உங்க கை படலையே."

"அப்போ நாளைக்கு உங்க கையால எடுங்க. அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது."

மறுநாள் காலை, தைலமரத் தோப்பில் பதினேழாம் எண் புற்று. மேலிருந்து வெட்டினால் மண் தோட்டத்தின்மேல் சரியும். ஆகவே ஜுரேமா ஓரடி தள்ளிக் குழி வெட்டி, பக்கவாட்டில் சுவரைச் சீவினார். பழுப்பு நிறக் கடற்பஞ்சு போன்ற தோட்டம் தெரிந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பத்தடி விலகிக் கைகட்டி நின்றார். எவரிஸ்டோ தாமே கொண்டுவந்த கையுறையை அணிந்து, தம் கரண்டியைக் கிருமி போகச் சுடரில் காட்டி, உள்ளே நுழைத்து எடுத்ததைத் தட்டில் வைத்தார். சிப்பாய் எறும்புகள் பூட்ஸுக்குள் புகுந்தன. அவர் குதித்தார்.

"ஆடினது போதும், டாக்டர், தட்டை மூடுங்க!" என்றார் ஒஸ்மார்.

குழியோரத்தில் எவரிஸ்டோவே திறந்துவைத்த வெற்றுத் தட்டும் அதே நேரத்தில் மூடப்பட்டது.

நான்காம் நாள் வெற்றுத் தட்டு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. எவரிஸ்டோவின் தட்டில் பதினான்கு இளஞ்சிவப்புப் புள்ளிகள். ஜுரேமா அவற்றை இருமுறை எண்ணிப் பதிவேட்டில் எழுதினார். பிறகு புதிய அழிப்புப் படிவம் ஒன்றை எடுத்து நிரப்பினார்: புற்று எண் 17; மாதிரி எடுத்தவர் டாக்டர் எவரிஸ்டோ; காரணம் அசுத்தமான கை.

"இதுல நீங்க போடுங்க, டாக்டர். அந்தப் பழைய படிவத்துல நான் போடறேன். பத்தையும் சேர்த்தே கொட்டிடுவோம்."

எவரிஸ்டோ பேனாவைத் தொடவில்லை. இரண்டு படிவங்களையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்தது எந்தப் புற்று?" என்று கேட்டார்.

"பதினெட்டு. பூட்ஸை இறுக்கிக் கட்டிட்டு வாங்க" என்றார் ஜுரேமா, மண்வெட்டியைத் தோளில் போட்டபடி.