எடிட்டர் யாருக்காகக் காத்திருந்தது

அலுவலகத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த கணக்குப் பிரிவுக்காரர்கூட அப்படித்தான். மருந்துக் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம் அது. எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, எது காலாவதி ஆகப் போகிறது, எதை முதலில் வெளியே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் பகுதி முழுக்க அவள் எழுதியது. அதில் கை வைக்க வேண்டுமானால் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள்.

ஆனால் அவளுடைய கை அவள் சொன்னபடி கேட்காது. முப்பதைத் தாண்டிய கையோடு மூட்டுவாதம் வந்து விரல்களில் உட்கார்ந்துகொண்டது. வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும்தான் ஒழுங்காக மடங்கும். இடது கை பரவாயில்லை. வேலையை விட்டுவிடு என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. அவள் விடவில்லை. அதற்குப் பாதிக் காரணம் பிடிவாதம், மீதிப் பாதி நிரல் எழுத உதவும் எடிட்டர் என்ற மென்பொருள். இரண்டு மூன்று எழுத்தைத் தட்டினால் போதும், இதைத்தானே எழுத வந்தாய் என்பதுபோல மீதிச் சொல்லை அதுவே எடுத்து நீட்டும். ஒரு விசையை அழுத்தினால் முழுச் சொல்லும் வந்து விழும். மற்றவர்களுக்கு அது ஒரு வசதி. அவளுக்கோ அது மடங்காத விரல்களுக்குப் பதிலாகக் கிடைத்த விரல். அந்தத் தைரியத்தில்தான் நிரலில் வரும் பெயர்களையெல்லாம் படித்தவுடன் புரிகிற மாதிரி நீளநீளமாக வைத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை எல்லோருடைய எடிட்டரையும் அலுவலகமே புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தது. யாரையும் கேட்கவில்லை. அவள் வழக்கம்போல மூன்று எழுத்தைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பெருமூச்சு விட்டு முடிக்கும் நேரம் ஆனபிறகு பட்டியல் மெதுவாக எட்டிப் பார்த்தது. அடுத்த சொல்லுக்கும் அதே கதை. மதியத்துக்குள் அவள் கை வீங்கிவிட்டது, ஏனென்றால் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பாதிச் சொற்களை அவளே தட்டியிருந்தாள்.

கணினிப் பராமரிப்புப் பிரிவில் புகார் கொடுத்தாள். அங்கிருந்தவர் மூடித் திறக்கச் சொன்னார். மூடித் திறந்தாள். பழைய தற்காலிகக் கோப்புகளை அழிக்கச் சொன்னார். அழித்தாள். கணினி பழசு என்றார், நினைவகத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள், கடுகளவும் மாற்றமில்லை. கடைசியில் அவர் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அக்கா, உங்க ப்ராஜெக்ட் ரொம்பப் பெருசு. அதுல பேரெல்லாம் வேற முழ நீளம். கொஞ்சம் சின்னதா வெச்சுக்கலாம்ல?"

போன வாரம் வரைக்கும் அந்தப் பெயர்கள் இதே நீளந்தான், அப்போது வராத அலுப்பு இப்போது எப்படி வந்தது என்று கேட்டாள். அவர் அடுத்த புகாருக்குப் போய்விட்டார்.

வீட்டில் சொன்னாள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிறவர், சாது. எல்லாரும் அதே எடிட்டரில்தானே வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்று யதார்த்தமாகத்தான் கேட்டார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. மறுநாள் பக்கத்து இருக்கைக்காரனின் பின்னால் போய் நின்று பார்த்தாள். அவனுக்கு அலுவலகத்தில் மின்னல் என்று பெயர், பத்து விரலும் விசைப்பலகையில் பறக்கும். அவனுடைய எடிட்டரும் அதே மாதிரிதான் தூங்கி வழிந்தது. பட்டியல் எழுந்து வருவதற்குள் அவன் சொல்லையே முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தான். பட்டியல் வந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

நோய் எல்லோருக்கும் இருந்தது, வலி அவளுக்கு மட்டும் தெரிந்தது.

அந்த மாதக் கடைசியில் வேலை மதிப்பீட்டுக்காக மேனேஜர் அவளைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் அதட்டிப் பேசமாட்டார், கதவைத் தானே திறந்துவிடுவார். திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். குழுவில் ஒவ்வொருவரின் வேகமும் ஒரு கோடாக ஓடியது. அவளுடைய கோடு மற்றவர்களுடையதைவிடக் கீழே சரிந்து கிடந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க உடம்பையும் பாக்கணும்ல. சோதனைப் பிரிவுல லேசான வேலையா ஒண்ணு இருக்கு. கை தாங்குமான்னு யோசிச்சுப் பாருங்க."

திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இந்தக் கரிசனத்தைத் தாங்க முடியவில்லை. எடிட்டர் மெதுவாக இருப்பதாகச் சொல்லிச் சொல்லி வாரக்கணக்கில் அவள் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அது யார் காதிலும் ஏறவில்லை. கை மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். கழிப்பறையில் முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்கவே ஆத்திரமாக இருந்தது.

அதன்பிறகு அவள் யாரிடமும் போகவில்லை, தானே உட்கார்ந்தாள். முதலில் ஒரு வரிகூட இல்லாத வெற்று ப்ராஜெக்டைத் திறந்து தட்டினாள். அதிலும் அதே தாமதம். ஆக, ப்ராஜெக்ட் பெரிது என்பது சுத்தப் புளுகு. கூடுதல் வசதிக்காக எடிட்டரில் தான் சேர்த்திருந்த துணை நிரல்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அணைத்தாள். அப்போதும் அசையவில்லை. ஒவ்வொன்றும் பொய்யாகப் போகப் போக, அவளுக்கு எரிச்சலோடு ஒரு தெம்பும் வந்தது.

விடை தானாக வந்தது. ஒரு நாள் மதியம் கட்டிடத்தில் இணைய இணைப்பு அறுந்துபோனது. எல்லோரும் விட்டது தொல்லை என்று எழுந்து தேநீர் குடிக்கப் போனார்கள். கையில் இருந்த வரியை முடித்துவிட்டுப் போகலாம் என்று அவள் மட்டும் தட்டினாள். பட்டியல் கண்சிமிட்டும் முன் வந்து நின்றது. நம்பாமல் இன்னொரு சொல்லைத் தட்டினாள். அதுவும் வந்தது. அவள் தேநீரை மறந்தாள்.

இணைப்பு திரும்பியதும் மறுபடி ஆமை வேகம். மடிக்கணினியின் பின்னால் இருந்த இணையக் கேபிளை உருவினாள், வேகம். சொருகினாள், மந்தம். தன் கணினியில் இருக்கும் சொல்லைத் தன் திரையில் காட்ட இது யாரைப் போய்க் கேட்டுவிட்டு வருகிறது? எடிட்டர் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் பதிவைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். அவள் சேர்க்காத, துணை நிரல்களின் பட்டியலிலேயே காட்டாத ஒரு துணை நிரல் புதிய பதிப்போடு உள்ளே வந்து குடியேறியிருந்தது. ஒவ்வொரு முறை சொல் காட்டும்போதும், எதைக் காட்டினோம், அவள் எதை எடுத்தாள், எத்தனை எழுத்தை எவ்வளவு நேரத்தில் தட்டினாள் என்று அலுவலகச் சர்வருக்கு அது தகவல் அனுப்பியது. அங்கிருந்து சரி என்று பதில் வந்த பிறகுதான் பட்டியலை வெளியே விட்டது. இணைப்பே இல்லாதபோது மட்டும் யாரையும் கேட்காமல் விட்டது. சர்வரோ மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

பராமரிப்புப் பிரிவுக்காரரிடம் காட்டினாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அது மேலிடத்து உத்தரவு, வேகத்தை அளக்கத்தான் போட்டது, தன்னைக் கோத்துவிட வேண்டாம் என்றார்.

அவளை மந்தம் என்று காட்டிய கோட்டை வரைந்ததும் அதுதான், அவளை மந்தமாக்கியதும் அதுதான்.

மடிக்கணினியையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அவருக்கு முன்னால் வைத்துத் தட்டிக் காட்டினாள். கேபிளை உருவிவிட்டு மறுபடி தட்டிக் காட்டினாள். பதிவில் இருந்த வரிகளைக் காட்டினாள். அவர் முகம் சிறுத்தது. இது இப்படிச் செய்யும் என்று தனக்குத் தெரியாது என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். பிறகு, ஒரு வழி கிடைத்தவர்போல நிமிர்ந்தார்.

"உங்க மெஷின்ல மட்டும் அதை எடுத்துடச் சொல்றேன் மேடம். கை காரணமா விலக்குன்னு போட்டுக்கலாம்."

"என் கைக்கு ஒண்ணும் ஆகல சார். அது எப்பவும் இருந்த மாதிரிதான் இருக்கு. கெட்டுப்போனது எடிட்டர். கெடுத்தது நீங்க. அதை என் கை மேல எழுதாதீங்க."

எடுப்பதென்றால் எல்லோருடைய கணினியிலிருந்தும் எடுக்க வேண்டும், தன்னைப் பற்றிய மதிப்பீட்டையும் திருத்தி எழுத வேண்டும் என்றாள். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டாரோ இல்லையோ, ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் குழுவில் எல்லோரையும் கூட்டி, கண்டுபிடித்ததை உள்ளபடி சொன்னாள்.

எல்லோரும் அவள் பக்கம் திரண்டுவிடவில்லை. மின்னலுக்கே பிடிக்கவில்லை. வரைபடத்தில் அவன் கோடுதான் உச்சியில் இருந்தது, சம்பள உயர்வுக்கு அதைத்தான் நம்பியிருந்தான். நல்லாப் போய்க்கிட்டு இருக்கிறதைக் கிளறுறீங்க அக்கா என்று முணுமுணுத்தான். அவள் அவனைத் திட்டவில்லை. அவன் எழுதியதில் பாதியை மறுநாள் அவனே அழித்து எழுதுகிறானே, அழித்த எழுத்துகளும் வேகம் என்றுதானே கணக்கில் சேர்ந்தன என்று மட்டும் கேட்டாள். சிலர் சிரித்துவிட்டார்கள். அவன் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. ஆனால் மற்றவர்களுக்கு அந்தக் கேள்வி உறைத்தது. கேட்காமல் உள்ளே வைத்த ஒன்று தங்கள் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணுவது பிடிக்கவில்லை என்று ஒருவர் பின் ஒருவராக மேனேஜரிடம் போய்ச் சொன்னார்கள். அடுத்த மதிப்பீட்டுக்கு அந்த வரைபடத்தை எடுத்து வந்தால் உட்காரமாட்டோம் என்றார்கள்.

அடுத்த பதிப்பு வந்தபோது அந்தத் துணை நிரல் அதில் இல்லை. ஏன் வந்தது, ஏன் போனது என்று யாரும் ஒரு வரி அறிவிக்கவில்லை. அவளுடைய மதிப்பீட்டில் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஒரு சொற்றொடரைச் செருகி, மற்றதை அப்படியே விட்டிருந்தார்கள். அவள் அதைத் திருப்பி அனுப்பினாள். அவர்கள் இன்னும் கொஞ்சம் மழுப்பி எழுதினார்கள். மறுபடியும் அனுப்பினாள். மூன்றாம் முறை, தாமதம் நிறுவனம் வைத்த கருவியால் வந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதி வந்தது. மன்னிப்பு என்ற சொல் எதிலும் இல்லை.

வேலைதான் நடக்கிறதே, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கணவர் கேட்டபோது, சோதனைப் பிரிவுக்குப் போயிருந்தால் தன் கை விளங்காமல் போய்விட்டது என்று தானே நம்பிவிட்டிருக்கக்கூடும் என்றாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரிகிறது. காலாவதிப் பகுதியை விரிவாக்கும் வேலை இப்போது அவள் கையில் இருக்கிறது. அதில் வைக்கும் பெயர்களை அவள் ஓர் எழுத்துகூடக் குறைக்கவில்லை.