பூவரச மரத்து மூலை

டிராம்பே போகும் பஸ்ஸில் நான் இடது பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன். இடம் கிடைக்காவிட்டால் நின்றபடியே குனிந்து பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் முறைப்பார்கள். முறைத்தால் முறைக்கட்டும். செம்பூரைத் தாண்டியதும் ஒரு காலி மைதானம் வரும். அதன் மூலையில் ஒரு பூவரசு. அங்கேதான் என் மகள் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

பிறந்தும் அழாத பிள்ளை அவள். எங்கள் ஆட்கள் கைக்குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். ஆண்கள்தான் துணியில் சுற்றி எடுத்துப் போவார்கள், திரும்பி வந்து குளிப்பார்கள், இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் தாய் அங்கேயே போய்க் கிடப்பாள், அடுத்த பிள்ளை தங்காது என்று ஒரு நம்பிக்கை. சொல்லாமல் இருந்தும் எனக்கு அடுத்த பிள்ளை தங்கவில்லை.

சில மாதம் கழித்து நானும் என் வீட்டுக்காரரும் அந்த வழியாக பஸ்ஸில் போனோம். மைதானம் வந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. "அந்த மரத்துக்கிட்டயா?" என்று கேட்டேன். "உம்" என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை.

அந்த ஒரு "உம்"மை வைத்துக்கொண்டு நான் அவளை வளர்த்தேன். கேன்டீன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். மழையில் மரம் ஆடினால், இப்படியா நனைவாய் என்று மனதுக்குள் திட்டுவேன். ஒரு வருஷம் பூ கொள்ளையாகப் பூத்திருந்தது. அவள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று நானே முடிவு செய்து, கேன்டீனில் யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டேன். சில நாள் மரத்தடியிலிருந்து அவளும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல் இருக்கும். அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பெற்ற பிள்ளையைக் கண்டே பயம்.

அந்த மைதானத்தில் பாதி முனிசிபாலிட்டிக்கு, பாதி கலெக்டர் ஆபீசுக்கு. இத்தனை காலமும் அது சும்மா கிடந்ததற்கு அதுதான் காரணம். ஒருவர் தோட்டம் போடலாம் என்றால் மற்றவர் கார் நிறுத்த இடம் வேண்டும் என்பார். போன வருஷம் இரண்டு பேரும் சேர்ந்தே முடிவெடுப்பது, அதற்கு முன்னால் ஜனங்களிடமும் கேட்பது என்று ஒத்துக்கொண்டார்கள். மைதானத்திலேயே பந்தல் போட்டு சுன்வாயி என்று கருத்துக் கேட்கும் கூட்டம் வைத்தார்கள். கார் நிற்கப்போவது பூவரச மரத்து மூலையில் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் குடியிருக்கும் சாலில், அந்த வரிசை வீடுகளில், நன்றாக இந்தி பேசுகிற வாய்க்காரி நான்தான். நானே பேசுகிறேன் என்றேன்.

என் வீட்டுக்காரரும் வந்தார். பந்தல் ஓரத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஏங்க, இங்க என்ன கோயிலா கட்டிவச்சிருக்கு? களவு போயிரும், எடுத்து மாட்டுங்க" என்றேன். பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவும் இல்லை.

மேடையில் இரண்டு மேஜை, இரண்டு வரைபடம், தண்ணீர் பாட்டில்கூடத் தனித்தனி. இரண்டு ஆபீஸ்காரர்களும் சம்பந்தி வீட்டார்போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்ததும் எழுந்தேன். அந்த மூலையில் எங்கள் சால்காரர்கள் புதைத்த குழந்தைகள் இருக்கிறார்கள், அதன்மேல் வண்டி ஏற்றாதீர்கள் என்று இந்தியில் சொன்னேன். அழக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன்.

அதிகாரிகள் குனிந்து பேசினார்கள். கலெக்டர் ஆபீஸ் அம்மாள் நிமிர்ந்து, "மர மூலையை விட்டுவிடலாம். அப்படியானால் கார் எங்கே நிற்கும்? நீங்களே சொல்லுங்கள்" என்று இந்தியில் கேட்டார்.

நான் காலால் தரையைத் தட்டிக் காட்டினேன். "இங்கே. பந்தல் போட்டிருக்கிற இந்த இடம் சும்மாதானே கிடக்கிறது" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டு மேஜையும் முதல் தடவையாக ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டன. ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் உட்கார்ந்தேன். இவ்வளவு காலத்தில் அவளுக்காக நான் செய்த ஒரே காரியம் அது.

அப்போது பின்னாலிருந்து, "சாப், மரத்துக்கிட்ட இல்ல" என்று ஒரு குரல் கேட்டது. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத மனுஷன், அவசரத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டார். வெறுங்காலோடு நடந்து என் வரிசைக்கு வந்து, என் நாற்காலிப் பக்கத்தில் குனிந்து தரையைத் தொட்டார். "இங்கதான்" என்றார்.

"மரம்னுதானே சொன்னீய?" என்றேன்.

"நீதான் கேட்ட. நாம பஸ்ஸுல போனப்பவே இங்க லாரி லாரியாக் கல்லும் மண்ணும் கொட்டிக் கிடந்துச்சு. அத எப்படிக் காட்ட? பாக்கதுக்கு ஒனக்கு ஒரு மரமாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

யாரோ அதை இந்தியில் சொன்னார்கள். அந்த அம்மாள் பேனாவை மூடியபடி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. "ஜனங்கள் கேட்டதைத்தானே எழுதியிருக்கிறோம், அம்மா. இனி மாற்ற வேண்டுமானால் இரண்டு ஆபீசும் மறுபடி கூட வேண்டும்" என்றார். எப்போது கூடுவார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

அதிகாரிகள் போனார்கள். எங்கள் சால் பெண்கள் தலைகுனிந்து ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பந்தல்காரர்கள் துணியை அவிழ்த்து, நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்கள். கடைசியில் என்னிடம் வந்து, "உட்டோ, மௌசி" என்று எழுந்திருக்கச் சொன்னார்கள்.

நான் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கினால் அவள்மேல்தான் கால் வைக்க வேண்டும்.